தூதாயீம் கனியும் அதைச் சூழ்ந்த புராணமும்

ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் கோதுமை அறுப்புக் காலத்தில் ரூபன் கண்டெடுத்துத் தன் தாய் லேயாளிடம் கொணர்ந்த தூதாயீம் கனிகள் யாவை என்னும் வினா, அப்பகுதியை வாசிக்கும் எவருக்கும் எழக்கூடியதே. நம் பழைய மொழிபெயர்ப்பாளர் எபிரெயச் சொல்லை அப்படியே தமிழெழுத்தில் வைத்துவிட்டனர். நேசனைக் குறிக்கும் 'தோத்' என்னும் சொல்லோடு அது ஒலியில் இயைந்தது. உன்னதப்பாட்டிலும் (7:13) காதலின் சூழலிலேயே அதன் மணம் வீசுகிறது.

கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மரோ அதை 'மாண்ட்ரகோரா' என்றனர். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி பலஸ்தீன நாட்டில் தானாக வளர்வது. தரையோடு படர்ந்த இலைகள், மஞ்சள் நிறக் கனி, மனித உருவை நினைவூட்டும் கவைத்த வேர். அவ்வேரில் மயக்கந்தரும் நஞ்சு உண்டு. அதை ஊறவைத்த திராட்சரசத்தை அறுவை மருத்துவத்துக்கு முன் கொடுப்பதுண்டென முதலாம் நூற்றாண்டின் மருத்துவர் தியோஸ்கோரிதெஸ் எழுதுகிறார். வசிய மருந்துக்கும் உதவும் எனக் கருதப்பட்டதால், மனிதரைப் பன்றிகளாக்கிய ஓமரின் மாயக்காரி கிர்க்கேயின் பெயராலும் அது வழங்கிற்று.

பெயரோடு கதைகளும் சபைக்குள் நுழைந்தன. யோவான் ஸ்நானன் கொலையுண்ட மக்கேருஸ் கோட்டையின் அருகே, பிடுங்குவோரைக் கொல்லும் வேரொன்று உண்டெனவும், நாயைக் கட்டி இழுக்கச்செய்தால் நாய் மடிய வேர் கிடைக்குமெனவும், அது பிசாசுகளை ஓட்டுமெனவும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதினார். அவர் மாண்ட்ரகோரா என்று சொல்லவில்லை. பிற்காலத்தார் இரண்டையும் ஒன்றாக்கினர். இடைக்காலத்தில் அவ்வேர் பிடுங்கும்போது அலறும் என்றும் நம்பினர். 1998இல் வெளிவந்த ஹாரி பாட்டர் புதினமொன்றில் அது இன்னும் அலறுகிறது. நம் வாலிபருள் சிலர் ஆதியாகமத்தைவிட அதை நன்கறிவர்!

கதையை எதிர்த்தோரும் சபையிலேயே இருந்தனர். அகஸ்தீன் அக்கனியைத் தாமே பார்த்தார். அழகும் மணமும் உண்டு, சுவை இல்லை என்று கண்டு, அதை நற்பெயருக்கு அடையாளமாக்கினார். அவ்விளக்கம் நமக்கு வலிந்ததாகவே தோன்றுகிறது. ஆயினும் மந்திரத்தை நாடாமல் கனியையே ஆராய்ந்தது பாராட்டத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டில், வெல்ஸ் பேராலயத்தின் தலைமைக் குருவாயிருந்த சீர்திருத்தவாதி வில்லியம் டர்னர், பெட்டியில் வைத்து விற்கப்பட்ட மனித உருவ வேர்கள் செதுக்கப்பட்ட போலிகள் என்று தம் மூலிகை நூலில் அம்பலப்படுத்தினார்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே திருமறை ஆசிரியர் அப்புராணத்தைக் கவிழ்த்துவிட்டார். பிள்ளையில்லா ராகேல், கணவனோடுள்ள ஓர் இரவை விலையாகக் கொடுத்துக் கனியை வாங்குகிறாள். அவள் தவிப்பை எள்ளி நகைக்கப் போதகருக்கு உரிமையில்லை. குழந்தைக்காக எதையும் வாங்கத் துணியும் தாய்மாரை நாமும் அறிவோம். கனியைப் பெற்றவளோ கருத்தரிக்கவில்லை. கொடுத்துவிட்டவளே இசக்காரையும் செபுலோனையும் தீனாளையும் பெறுகிறாள். அதன்பின்னரே தேவன் ராகேலை நினைத்தருளினார் (30:22). இசக்காருக்குப் பெயரிடுகையில் லேயாளும், யோசேப்புக்குப் பெயரிடுகையில் ராகேலும் தேவனையே குறிப்பிடுகின்றனர். கனியைப்பற்றி இருவரும் வாய்திறக்கவில்லை.