மருதையாறும் ராஜினாமா செய்த மந்திரியும்

நாலு நாளாக விடாத மழை. பருத்திக் காட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. வேலை இல்லாத நேரத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ரொம்ப நாளாக எழுத நினைத்து, எழுதாமல் தள்ளிப்போட்ட கதை.

சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் வருகிறவர்கள் அரியலூர் தாண்டியதும் கொஞ்சம் ஜன்னல் வழியே பாருங்கள். கல்லகம் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு ஆற்றுப் பாலம் வரும். அதுதான் மருதையாறு. பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் சீமையில் ஓடி, அரியலூர்ப் பக்கம் வந்து கொள்ளிடத்தில் விழுகிற ஆறு. வருசத்தில் பாதி நாள் ஆடு மேயும். "இதுவா ஆறு?" என்று கேட்பீர்கள். ஆனால் கார்த்திகையில் மலையில் மழை பிடித்தால் அது வேறு ஆறு.

1956 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், விடியற்காலை இருட்டில் இந்தப் பாலத்துக்கு வந்தது. அடைமழை, ஆற்றில் வெள்ளம், பாலம் பலமிழந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. என்ஜினோடு சேர்ந்து முன்பக்கப் பெட்டிகள் ஆற்றுக்குள் போய்விட்டன. 140 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தூங்கிக்கொண்டு இருந்தவர்கள்தான் பாதிப் பேர் இருந்திருப்பார்கள்.

அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஊர்ப் பெரியவர்களோடு நடந்தே போனாராம். "தண்ணி செவப்பாப் போச்சுடா. பொட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு. கரையில ஒரு தகரப் பெட்டி தொறந்து கெடந்துச்சு, உள்ள புதுத் துணி. கலியாணத்துக்குப் போனவங்க போல." இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தகரப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வார். அதுக்கு மேல் சொன்னதில்லை.

அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. 1952லிருந்து அந்தப் பொறுப்பில் இருந்தார். அதே 1956 செப்டம்பரில், ஐதராபாத் மாநிலமாக இருந்த பகுதியில் மகபூப்நகர் பக்கம் ஒரு ரயில் பாலம் இடிந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதே ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. மூணு மாசம் ஆவதற்குள் நம்ம மருதையாறு. இந்தத் தடவை சாஸ்திரி விடவில்லை. நேரு ஏற்றுக்கொண்டார். ஆனால் பாராளுமன்றத்தில் அவர் சொன்னது முக்கியம். இந்த விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் ஏற்கவில்லை, பதவியில் இருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பதற்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் ஏற்கிறேன் என்ற அர்த்தத்தில் பேசினார். குடியரசாகி ஏழு வருசம்கூட முழுசாக ஆகாத நாடு அது.

யார் இந்த சாஸ்திரி? 1904 அக்டோபர் 2ல் முகல்சராயில் பிறந்தவர். ஒண்ணரை வயசில் அப்பா போய்விட்டார். அம்மா ராம்துலாரி, பிள்ளைகளைத் தன் அப்பா வீட்டில் வைத்து வளர்த்தார். காந்தி கூப்பிட்டார் என்று 1921ல் பள்ளிக்கூடத்தை விட்டார். அப்புறம் காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம்தான் "சாஸ்திரி". சாதிப் பேரை ஏற்கெனவே தூக்கிப் போட்டிருந்ததால் பட்டமே பேராக நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலில் இருந்ததைக் கூட்டினால் ஏழு வருசத்துக்குக் குறையாது. ஆள் குள்ளம், குரலும் மெது.

இங்கே இன்னொன்றையும் சொல்லணும். ரயில்வே துணை மந்திரியாக இருந்தவர் நம்ம செங்கல்பட்டுக்காரர் ஓ.வி. அழகேசன். 1957 தேர்தலில் திமுக முதன்முதலாக நின்றது. அந்தத் தேர்தல் முழுக்க "அரியலூர்" என்ற பேரோடு அழகேசன் பேரைச் சேர்த்து எதுகை மோனையாக ஒரு கோஷம் ஓடியது. அப்பா வயசுக்காரர்கள் இன்னமும் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வடக்கே இந்த விபத்து சாஸ்திரிக்குப் பெருமை சேர்த்தது. இங்கே அழகேசனுக்குத் தீராத பழியானது. ஒரே வெள்ளம்தான்.

சாஸ்திரியைச் சாமியாக்கவும் நான் வரவில்லை. 1963ல் உள்துறை மந்திரியாக ஆட்சிமொழிச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தப் பாலத்துக்குப் பக்கத்து ஊர்களில் ஒன்றுதான் கீழப்பழுவூர். அந்த ஊர் சின்னசாமி 1964 ஜனவரி 25ல் திருச்சி ரயில் நிலையம் எதிரே இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். அதே வருசம் ஜூனில் சாஸ்திரி பிரதமர் ஆனார். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததில் பெரிய பங்கு நம்ம காமராஜருக்கு. 1965 ஜனவரி, பிப்ரவரியில் தமிழ்நாடே பற்றி எரிந்தது. மத்திய மந்திரிகளாக இருந்த சி. சுப்பிரமணியமும் அதே அழகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். அதுக்கு அப்புறம்தான் சாஸ்திரி ரேடியோவில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். ஒன்பது வருசத்துக்கு முன் ராஜினாமா கொடுத்தவர், இப்போது ராஜினாமா வாங்குகிற இடத்தில் இருந்தார். மருதையாற்றுக்குக் காட்டிய வேகத்தை மொழி விசயத்தில் அவர் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

விவசாயி என்கிற முறையில் அவர்கிட்ட எனக்குக் கடன் உண்டு. இந்திய உணவுக் கழகம் 1965ல் அவர் காலத்தில் வந்தது. விளைபொருளுக்கு விலை பரிந்துரைக்கும் கமிஷனும் அதே வருசம். சிப்பாயையும் விவசாயியையும் ஒரே மூச்சில் வாழ்த்தியவர் அவர். பஞ்சத்தில் வாரம் ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டார், முதலில் தன் வீட்டில் விட்டார். 1966 ஜனவரி 11ல் தாஷ்கண்டில் இறந்தபோது, கார் வாங்கிய பேங்க் கடன் பாக்கி இருந்தது. மிச்சத்தைக் குடும்பம் அடைத்தது.

சரி, ஏன் எழுதாமல் தள்ளிப்போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2005 மழை ஞாபகம் இருக்கும். அந்த வருசம் எங்க ஏரி மதகு சாவி என் பொறுப்பில் இருந்தது. ராத்திரி ஏரி நிரம்பி வருகிறது என்று தெரியும். காலையில் பார்த்துக்கலாம் என்று படுத்துவிட்டேன். விடிவதற்குள் வாய்க்கால் கரை உடைந்து, பங்காளி முறையுள்ள ஒரு அண்ணனுடைய ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம் அழுகிப்போச்சு. ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "மழைக்கு நான் என்னங்க பண்றது?" என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அந்த மந்திரி ரயிலையும் ஓட்டல, பாலத்தையும் கட்டல."

அப்பா போய் ஆறு வருசம் ஆகிறது. போன வருசம்தான் அந்த அண்ணன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். "அன்னைக்கு ராத்திரி முழிச்சுதான் இருந்தேண்ணே. எழுந்து போகல" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. "வெங்காயம் போனது அந்த வருசத்தோட போச்சு. நீ எந்திரிச்சு மழைன்னு சொன்ன பாரு, அதுதான் போகல" என்றார். அப்புறம் அண்ணியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார்.

ராஜினாமாவால் செத்தவர் யாரும் திரும்பி வரவில்லை. அந்தத் தகரப் பெட்டிக்காரர்கள் கலியாணத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை. ஆனால் செத்தவர்கள் வீட்டில், டில்லியில் ஒருத்தராவது "என் பொறுப்பு" என்று சொன்னார் என்கிற செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அது எத்தனை பெரிய விசயம் என்று அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. மதகைப் பார்த்துவிட்டு வருகிறேன்.