தேரடியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை

"67 வயதில் 21 கிலோமீட்டர் ஓடச் சொல்லி உங்களை யார் கேட்டார்கள்?" என்று என் மனைவி செப்டம்பர் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. ஜனவரியில் நடக்கும் அரை மாரத்தானுக்கு நானேதான் பெயர் கொடுத்தேன். டாக்டர் டிரெட்மில்லில் ஓடவிட்டு, எக்கோ எடுத்துப் பார்த்து, "மெதுவா ஓடுங்க சார், யாரையும் முந்தணும்னு நினைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். எனக்கு முந்த வேண்டியவர் யாருமில்லை. மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம் என்று போனால் பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்.

திருவல்லிக்கேணியில் குடியிருப்பவனுக்குப் பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை காந்தி சிலை அருகே கூடும் இளைஞர்களோடு சேர்ந்துகொள்வேன். எல்லாரும் சாஃப்ட்வேர் பிள்ளைகள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற முறையை அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். அக்டோபரில் ஒருநாள் ஓட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன், "அங்கிள், எவ்ளோ பெரிய பீச் பாருங்க! ஆதி காலத்துலேர்ந்து இப்படியேதான் இருந்திருக்கும் இல்ல?" என்றான். "இல்லப்பா, இதுக்கு நூத்தம்பது வயசுகூட ஆகல" என்றேன். அவன் நம்பவில்லை. மேற்கொண்டு சொல்ல அன்றைக்கு எனக்கு மூச்சும் இல்லை.

பந்தயத்துக்கு முன்னால் ஒருமுறையாவது 16 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. மெரினாவிலேயே மேலும் கீழுமாக ஓடி அந்தக் கணக்கை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்தது திருவொற்றியூரில். அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே வந்தால் கலங்கரை விளக்கம் வரை பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் வரும். டிசம்பர் இரண்டாம் ஞாயிறன்று, காலை ஐந்து மணிக்கு மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்கினேன்.

அக்கா அங்கேயே, தேரடிக்குப் பின்னால் இருக்கிறாள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். முட்டி வலியோடு எக்ஸ்பிரஸ் சாலை வரை மகனுடைய ஸ்கூட்டரில் வந்து காத்திருந்தாள். கையில் ஒரு பொட்டலம், கேழ்வரகு அடை. "காலி வயித்துல ஓடாதடா" என்றாள். பட்டினத்தார் சமாதிக்குச் சற்றுத் தள்ளி நின்றோம். சாலைக்கு அந்தப்புறம் கருங்கல் குவியல், அதற்கு அந்தப்புறம் நேராகக் கடல். கால் வைக்க ஒரு பிடி மணல் கிடையாது. வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே கையை நீட்டி அக்கா சொன்னாள்: "அந்தக் கல்லுக்கு அந்தாண்ட பாரு. இன்னும் அந்தாண்ட. அங்கதான் நம்ம கெணறு."

எங்கள் வீடு தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அவர் கட்டியபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று தெரு இருந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்தது ஒரு தெருவும் கொஞ்சம் தென்னை மரங்களும்தான். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் கடல் கொஞ்சம் உள்ளே வரும். வந்தது திரும்பிப் போகும்போது மண்ணையும் எடுத்துக்கொண்டு போகும். முதலில் தென்னைகள் சாய்ந்தன. பிறகு எதிர்த்தெரு போயிற்று. எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் பின்சுவர் விழுந்தது. அப்பா ஒரே வாரத்தில் ஓட்டைப் பிரித்து, கதவு ஜன்னல்களைக் கழற்றி விற்றுவிட்டுத் தேரடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். கிணறு மட்டும் போகவில்லை. சுற்றியிருந்த மண் கரைந்துபோய், கிணற்றின் உறைகள் கோபுரம் மாதிரி அலைக்கு நடுவே இரண்டு வருடம் நின்றன. நாங்கள் பையன்கள் அதன்மேல் ஏறிக் கடலில் குதிப்போம். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"கடல் எடுத்துக்கிச்சு" என்பதைத் தவிர அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டோம், படித்தோம். ஓய்வுக்குப் பிறகு கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து துறைமுகத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான், அப்பா இதை அறிந்திருப்பாரா என்ற கேள்வி எனக்கு வந்தது. இன்னும் அது என்னை விடவில்லை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கியதிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான் அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1861-இல் ஓர் இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. புயல்கள் அதையும் சும்மா விடவில்லை. கடைசியில், கடலுக்குள் இரண்டு கல் கரங்களை நீட்டி நடுவே கப்பல்களை நிறுத்துவது என்று முடிவாயிற்று. 1875 டிசம்பர் 15 அன்று, பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் வந்து அந்தக் கரங்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

ஆனால் இந்தக் கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் அலைகள் சாய்வாக வந்து மோதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். வடக்கே போகிற கணக்குத்தான் பெரிது. அந்த மணலாற்றின் குறுக்கே கல் கரம் வந்து நின்றதும் தெற்குப் பக்கம் மணல் தேங்கியது. வடக்கே போகவேண்டிய மணல் போகவில்லை, ஆனால் அலை அங்கே அரிப்பதை நிறுத்தவில்லை. துறைமுகத்துக்கே இது தொல்லையாகத்தான் இருந்தது. முதலில் கிழக்கு நோக்கி வைத்த வாயிலில் மணல் சேர்ந்துகொண்டே இருக்க, 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாயில் அமைத்தார். துறைமுகம் பிழைத்தது. இராயபுரத்திலிருந்து வடக்கே மட்டும் நூறு ஆண்டுகளில் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்துவிட்டது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். ஸ்கூட்டரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப நம்ம மணலு உன் ஊட்டாண்டதான் கெடக்குதா?" என்றாள். சரியான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. அடையில் பாதியைத் தின்றுவிட்டு ஓடத் தொடங்கினேன். மணி ஐந்து ஐம்பது.

முதல் ஆறு கிலோமீட்டர் சுகமில்லை. டீசல் புகையும் லாரியும் போதாதென்று, காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வந்த கூட்டம் வேறு. ஓட இடமில்லாமல் நடந்தேன். ஒரு மீன்காரம்மா, "பெருசு, எதுக்கு ஓடற, போலீசு தொரத்துதா?" என்றார். வழியெல்லாம் கல் கொட்டியிருக்கிறது, தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறது. அவற்றின் இடுக்கில் இப்போது கொஞ்சம் கொஞ்சம் மணல் சேர்ந்திருப்பதைப் பார்த்தேன். இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டதோடு சரி. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. நின்று பார்த்தால் உடம்பு ஆறிவிடும்.

பீச் ஸ்டேஷன் எதிரே தண்ணீர் குடிக்க நின்றேன். பீச் இல்லாத ஊரில் பீச் ஸ்டேஷன் எப்படி வந்தது என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். இன்றைய ராஜாஜி சாலைக்கு அந்தக் காலத்தில் முதல் கடற்கரைச் சாலை என்று பெயர். எதிரிலேயே அலை அடித்தது. இப்போது இருப்பது துறைமுக மதில். கோட்டையும் அப்படித்தான். அதன் கிழக்குச் சுவரைக் கடல் தொட்டுக்கொண்டிருந்ததைப் பழைய ஓவியங்களில் பார்க்கலாம். இன்று கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரிய சாலை ஓடுகிறது.

நேப்பியர் பாலத்தை ஏறி இறங்கும்போது முட்டி தன் இருப்பைத் தெரிவித்தது. பதினோரு கிலோமீட்டர் ஆகியிருந்தது. அங்கிருந்து தினமும் ஓடுகிற பாதைதான், ஆனால் அன்றைக்கு என் கண் கட்டிடங்களில் இல்லை, இடப்பக்கத்து மணலிலேயே இருந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் இங்கே நடைபாதை போட்டு, சிசிலித் தீவின் நினைவாக மெரினா என்று பெயர் வைத்தபோது, துறைமுகக் கரத்தின் புண்ணியத்தில் மணல் சேர ஆரம்பித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நம்பாதவர்கள் ஐஸ் ஹவுஸைப் பார்க்கட்டும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842 வாக்கில் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய வீடும் அதுவே. படகிலிருந்து இறக்கிய ஐஸை உருகுமுன் உள்ளே கொண்டுபோக வேண்டுமே என்றுதான் கரையோரம் கட்டினார்கள். இன்று அதன் வாசலிலிருந்து தண்ணீரைத் தொட நீண்ட நடை நடக்க வேண்டும்.

கலங்கரை விளக்கத்தில் கைக்கடிகாரம் 15 கிலோமீட்டர் காட்டியது. ஒன்று குறைகிறதே என்று சாந்தோம் தேவாலயத்தின் கோபுரம் வரை போனேன். நின்றபோது மணி எட்டரை. திட்டத்தைவிட எட்டு நிமிடம் அதிகம். காசிமேட்டுக் கூட்டத்தை அதற்குக் காரணம் சொல்லிக்கொள்கிறேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸைக் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் முட்டிக்கு ஐஸ் வைத்தாள்.

மாலையில் அக்கா போன் செய்தாள். "உசுரோட இருக்கியா?" என்று ஆரம்பித்து, பேச்சுவாக்கில் அப்பா பற்றி ஒன்று சொன்னாள். வீடு போன பிறகு ஒருநாள் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தைத் திட்டினாராம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டாராம். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பந்தயம் முடிந்த மறுநாள் அக்காவை மெரினாவுக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வரை அவளால் நடக்க முடியாது, மணலில் ஒரு நாற்காலி போட்டால் போதும். அதற்குள் இன்னும் ஒரு நீண்ட ஓட்டம் பாக்கி இருக்கிறது, 18 கிலோமீட்டர்.