கயிற்றை அறுத்த நண்பனுக்காக ஒரு புத்தகம்... யார் இந்த ஜோ சிம்ப்சன்?

உங்களோடு ஒரே கயிற்றில் இணைந்திருக்கும் நண்பர், நடுமலையில் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டால்? பிரிட்டன் மலையேற்ற வீரர் ஜோ சிம்ப்சனுக்கு நடந்தது அதுதான். ஆனால் அவர் பேனா பிடித்ததே அந்த நண்பருக்காகத்தான்!

சிம்ப்சன் பிறந்தது 1960-ல், கோலாலம்பூரில். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். 1985-ல் நண்பர் சைமன் யேட்ஸுடன் பெரு நாட்டின் சியூலா கிராண்டே சிகரத்துக்குப் போனார். உயரம் 6,344 மீட்டர். அதுவரை யாரும் ஏறி முடிக்காத மேற்குப் பக்கம் வழியாக இருவரும் உச்சியைத் தொட்டார்கள்.

சிக்கல் இறங்கும்போதுதான். சிம்ப்சன் விழுந்ததில் வலது கால் முட்டியோடு நொறுங்கியது. அந்த உயரத்தில் கால் உடைந்தால் கதை முடிஞ்சதுன்னுதான் அர்த்தம். யேட்ஸ் விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு தடவையும் சுமார் 300 அடி வீதம் நண்பரைப் பனிச்சரிவில் இறக்கினார். இருட்டு, பனிப்புயல். ஒரு கட்டத்தில் சிம்ப்சன் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கினார். கீழே என்ன நடக்கிறது என்று மேலே இருந்தவருக்குத் தெரியாது, கத்தினாலும் கேட்காது. யேட்ஸ் கால் ஊன்றி உட்கார்ந்திருந்த பனியும் சரியத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்த பிறகே கத்தியை எடுத்தார். அறுக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்பார்கள். இதைத் துரோகம்னு சொல்றவங்க மறந்துவிடும் விஷயம் இது.

சிம்ப்சன் விழுந்தது ஒரு பனிப்பிளவுக்குள். கயிற்றை இழுத்துப் பார்த்தார், அறுந்த நுனி கைக்கு வந்தது. மேலே ஏற வழியில்லை. அதனால் இன்னும் ஆழத்துக்கு இறங்கி, அங்கிருந்து வெளியேற வழி கண்டுபிடித்தார். அவர் இறந்துவிட்டதாகவே நம்பி யேட்ஸ் முகாமுக்குத் திரும்பியிருந்தார். சாப்பாடு கிடையாது, தண்ணீரும் அங்கங்கே கிடைத்ததுதான். மூன்று நாள் தவழ்ந்தும் நொண்டியும் வந்த சிம்ப்சன், முகாமைக் காலி செய்யச் சில மணி நேரமே இருந்தபோது போய்ச் சேர்ந்தார்.

ஊர் திரும்பியதும் யேட்ஸ் மீது விமர்சனம் எழுந்தது. அதற்கான பதில்தான் 1988-ல் வந்த 'டச்சிங் தி வாய்ட்'. சில பகுதிகள் யேட்ஸ் சொல்வது போலவே எழுதப்பட்டவை, சமர்ப்பணமும் அவருக்கே. போர்ட்மேன் டாஸ்கர் பரிசு பெற்ற இந்தப் புத்தகத்தை 2003-ல் கெவின் மெக்டொனால்ட் படமாக்கினார். அதற்கு பாஃப்டா விருதும் கிடைத்தது.

இனி மலையேற முடியாது என்றார்கள் மருத்துவர்கள். மனுஷன் கேட்கவில்லை! 1991-ல் நேபாளத்தில் விழுந்து மறுபடியும் காலை உடைத்துக்கொண்டார். 'திஸ் கேம் ஆஃப் கோஸ்ட்ஸ்', 'தி பெக்கனிங் சைலன்ஸ்' எனப் புத்தகங்களும் தொடர்ந்தன.

யேட்ஸும் மலையேறுவதை நிறுத்தவில்லை. பின்னாளில் 'அகெய்ன்ஸ்ட் தி வால்' என்று அவரும் ஒரு புத்தகம் எழுதினார்.