அடுக்களை அலமாரியும் அதன் கதவும்

ஒரு வீட்டின் அடுக்களையில் அலமாரிக் கதவொன்று ஈரம் பட்டு உப்பிப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அதன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்து அனுப்புகின்றனர். எங்கோ ஓர் ஆலையில் அவ்வளவுக்கு அறுத்த புதுக் கதவு வந்து சேருகிறது. அலமாரி இருந்த இடத்திலேயே இருக்க, கதவு மட்டும் மாறுகிறது. ஐரோப்பிய நாடுகளில் இன்று இஃது எளிய செயல். ஆயின் 100 ஆண்டுகளுக்கு முன் இஃது எளிதன்று. அலமாரியைக் கண்ணாற் காணாத ஒருவர், தாளில் எழுதிய சில எண்களைக் கொண்டே அதற்குரிய கதவைச் செய்வது எவ்வாறு இயலுவதாயிற்று? மாணவ நேயர்களே, இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், மரத்தின் இயல்பும், பெண்களின் உழைப்பும், போரின் அழிவும், அளவின் ஒழுங்கும் நம் முன் வந்து நிற்கின்றன.

முதலில் மரத்தைக் காண்போம். மரம் ஈரக் காற்றில் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும். இழையோடும் நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, அகலவாக்கிலேயே பெரிது. ஆகவே பலகைகளைச் சேர்த்து அடித்த பழைய கதவு, ஈரப் பருவத்தில் நிலையோடு இறுகிக்கொண்டது. வறண்ட பருவத்தில் வெடித்தது. இக்குறையை நீக்கவே ஐரோப்பியத் தச்சர் சட்டக் கதவைக் கையாண்டனர். 15-ம் நூற்றாண்டில் அம்முறை அங்கே நன்கு பரவியது. நான்கு சட்டங்களைக் கழுந்தும் துளையுமாக இணைப்பர்; சட்டங்களின் உட்புறத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையின்றி அதில் நிறுத்துவர். நடுப்பலகை தன் விருப்பம்போல் விரியலாம், சுருங்கலாம்; கதவின் புற அளவோ பெரிதும் மாறாது. அளவு மாறாத கதவு என்னும் எண்ணத்தின் முதற்படி இதுவே எனலாம். எனினும் ஒவ்வொரு கதவும் தன் அலமாரிக்கென்றே இழைக்கப்பட்டது. ஒன்றன் கதவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

அடுத்த படியை எடுத்து வைத்தவர்கள் தச்சர்கள் அல்லர். அடுக்களையில் நின்று கால் கடுத்த பெண்கள். அமெரிக்காவில் காதரின் பீச்சர் என்னும் அம்மையார், தம் சகோதரி ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கப்பலின் சமையலறையில் குறுகிய இடத்தில் எல்லாப் பொருளும் கைக்கு எட்டும்படி இருப்பதைக் காட்டி, வீட்டிலும் அவ்வாறே அமைக்கலாகாதா என்று கேட்டார். 1912-ம் ஆண்டு முதல் கிறிஸ்டின் பிரெடரிக் என்னும் அம்மையார், ஆலைகளில் தொழிலாளரின் அசைவுகளை ஆராய்ந்த முறையை அடுக்களைக்குக் கொண்டுவந்தார். ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை முறை குனிகிறோம் என்று எண்ணிப் பார்க்கச் செய்தார்.

இவ்வெண்ணங்கள் முழு உருப்பெற்ற இடம் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே வீடின்றி வாடியோர் பலர். நகரின் கட்டடத் தலைவராயிருந்த எர்ன்ஸ்ட் மே, சிறிய வீடுகளைப் பெருந்தொகையாகக் கட்ட முனைந்தார். அவ்வீடுகளுக்கு அடுக்களை வகுக்கும் பணி, மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1926-ம் ஆண்டில் அவர் வகுத்த அடுக்களையின் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் வண்டிகளின் உணவுப் பெட்டியிலுள்ள சமையலறையை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். கடிகாரத்தோடு வேலைகளை அளந்தார். சுவரோடு சுவராக நின்ற அலமாரிகள், மாவுக்குக் கருவாலிமரத்தில் செய்த இழுப்பறை, அரிசிக்கும் பருப்புக்கும் அலுமினியப் பெட்டிகள் என யாவும் இடமறிந்து அமைந்தன. கருவாலிமரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் மாவுப் புழுவை அண்டவிடாது என்பது கருத்து. கதவுகளுக்கு நீலப்பச்சை வண்ணம் பூசினர். ஈக்கள் அந்நிறத்தை நாடா என்று நம்பினர்.

இவ்வகை அடுக்களைகள் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைந்தன. ஒரே அளவான அலமாரிகளும் கதவுகளும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டமையே நம் கதைக்கு இன்றியமையாதது. குறைகளும் இல்லாமலில்லை. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய அவ்வறை, பெண்ணைக் குடும்பத்தினின்று தனியே பிரித்துவிட்டது என்று பிற்காலத்தார் குறை கூறினர். கால்களுக்கு ஓய்வளிக்க எண்ணிய திட்டம், பேச்சுத் துணையைப் பறித்ததும் உண்மையே. லிஹோட்ஸ்கி அம்மையார் 1941-ம் ஆண்டில் நாஜி ஆட்சியை எதிர்த்தமைக்காகச் சிறைப்பட்டு, 1945-ம் ஆண்டில் விடுதலை பெற்றார். 2000-ம் ஆண்டில், 103-வது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் முன் காலமானார்.

இரண்டாம் உலகப் போர் மீண்டும் நகரங்களை இடித்தது. மீண்டும் வீடுகள் விரைவில் வேண்டியிருந்தன. நல்ல மரமோ அரிதாயிருந்தது. மரச் சிராய்களைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யும் துகள்பலகைக்கு, ஜெர்மானியரான மாக்ஸ் ஹிம்மெல்ஹெபர் 1932-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். போருக்குப் பின் அப்பலகையின் காலம் பிறந்தது. அதற்கு மரத்தைப்போல் இழையில்லை; ஆதலின் ஒரு பக்கம் மட்டும் விரிந்து சுருங்கும் தொல்லையில்லை. ஆனால் அதன் விளிம்பில் திருகாணி உறுதியாக நிற்பதில்லை. எனவே கதவின் உட்புறத்தில் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக்குழி எடுத்து, அதில் கிண்ணம் போன்ற கீலைப் பதிக்கும் முறை பரவியது. மூடிய கதவில் இக்கீல் வெளியே தெரியாது. பெட்டியின் பக்கப் பலகையிலோ 32 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இட்டனர். பல துளைகளை ஒரே முறையில் இடும் பொறியில், சக்கரங்களை அதனினும் நெருக்கி அமைப்பது கடினமாயிருந்ததே இவ்வளவுக்குக் காரணமென்பர். இவ்வாறு கதவு, கீல், பெட்டி மூன்றும் ஒரே எண் மொழியைப் பேசத் தொடங்கின. தாளில் எழுதிய எண்களுக்கு உயிர் வந்தது அப்போதுதான்.

இவ்வரலாற்றை அறிந்தவருக்கு, புதுக் கதவுக்கு அளவெடுக்கும் விதிகள் தாமே விளங்கும். பழைய கதவு பெட்டியின் முன்விளிம்பை மூடி நிற்பதாயின், கதவையே அளத்தல் வேண்டும். 600 மில்லிமீட்டர் அகலப் பெட்டிக்குக் கதவு பெரும்பாலும் 596 அல்லது 597 மில்லிமீட்டர்தான் இருக்கும். எஞ்சிய சிறு இடைவெளி, அடுத்த கதவோடு உராயாமைக்கு. கதவு பெட்டியின் வாய்க்குள் அடங்குவதாயின், வாயை மூன்று இடங்களில் அளத்தல் வேண்டும். 452, 450, 451 என்று வந்தால், சிறியதான 450-ஐக் கொண்டு, பக்கத்திற்கு 2 மில்லிமீட்டர் விட்டு, 446 என்று எழுதுவதே முறை. வாயின் இரு மூலைவிட்டங்களும் ஒத்திராவிடில் பெட்டி கோணியிருக்கிறது. கதவைக் குறை கூறுமுன் பெட்டியை மட்டப்படுத்த வேண்டும். ஒரே மாதிரித் தோன்றினும் ஒவ்வொரு கதவையும் தனித்தனியே அளத்தல் நன்று. உயரத்தை முதலிலும் அகலத்தைப் பின்னும் எழுதுதல் வழக்கம். மாற்றி எழுதினால், மரத்தின் இழை நெடுக்காக ஓட வேண்டிய கதவில் குறுக்காக ஓடும். கீற்குழியின் மையம் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதும், கீல் இடப்புறமா வலப்புறமா என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும். நாட்டுக்கு நாடு அளவும் மாறும். சுவிட்சர்லாந்தில் 55 செண்டிமீட்டர் அளவு நெடுங்காலம் ஊன்றியிருந்தது. ஏனைய ஐரோப்பிய நாடுகளின் 60 செண்டிமீட்டர் அங்கே பொருந்தாது.

பொருளைத் தேர்வதிலும் இவ்வாறே. நீர்த்தொட்டியின் கீழ் வரும் கதவுக்கு ஈரத்தைத் தாங்கும் ஒட்டுப்பலகை ஏற்றது. விளிம்பு மூடப்படாத துகள்பலகை நீர் பட்டால் உப்பும். கனத்த மரக் கதவு அழகியதேயாயினும், கீல்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிவரும்.

பிராங்பர்ட்டின் அடுக்களைகளுள் பெரும்பாலானவை 1960-களிலும் 1970-களிலும் பிடுங்கி எறியப்பட்டன. பின்னர் அவற்றின் அருமையை உணர்ந்தோர், எஞ்சியவற்றைத் தேடியெடுத்துப் பொருட்காட்சிச்சாலைகளில் வைத்தனர். எர்ன்ஸ்ட் மே கட்டிய வீடொன்றையும் அதன் அடுக்களையோடு புதுப்பித்துள்ளனர். ஒரு கதவு கெட்டதற்காக அலமாரி முழுவதையும் எறிவது எளிது. கெட்டது எது, நல்லது எது என்று பகுத்து, கெட்டதை மட்டும் மாற்றுவதற்கு அளவறிவு வேண்டும். முன்னோர் வரிசையாய் உழைத்து நமக்குத் தந்த செல்வம் அவ்வளவறிவே. அடுத்த முறை ஓர் அலமாரியைத் திறக்கும்போது, அதன் கீலை ஒருகணம் உற்றுப் பாருங்கள். அதில் ஒரு நூற்றாண்டின் உழைப்பு அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.