மீதியை வெள்ளித்திரையில் காண்க

திருவண்ணாமலை மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றப்படும் என்பது அங்கே அண்ணாந்து நிற்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் சுடர் தெரிந்த கணத்தில் எழும் ஆரவாரம் ஆண்டுதோறும் புதிதாகவே ஒலிக்கிறது. அறிந்த ஒன்று எவ்வாறு வியப்பைத் தருகிறது? இன்றைய பொழுதுபோக்குக் கலைகள் வியப்பை இழந்துவருகின்றன என்று வருந்துவோர் முதலில் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

இதே மாவட்டத்துப் புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கர்ணன் மடிவான், துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பதை அறியாமல் பாரதக் கூத்துக்கு வந்து அமர்ந்தவர் அரிது. வேடதாரியோ உடனே தோன்றுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று பாடுவார், கட்டியங்காரன் வினவுவான், திரை விலகும்போது சபை நிமிர்ந்து அமரும். வருபவர் யார் என்பது தெரிந்ததே. வரும் விதமே வியப்பு.

தமிழகத்தில் திரைப்படமும் இவ்வழியிலேயே பரவியது. 1905-இல் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. நற்செய்தி கேட்டு வளர்ந்தோர்க்கு அக்கதை புதிதன்று. உருவங்கள் அசைந்ததே புதுமை.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து பேசும்படக் காலம் தொடங்கிற்று. அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, முடிச்சு இறுகுமிடத்தில், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திக்கொள்ளும். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலே இன்றி, கொன்றவர் யார் என்னும் கேள்வியைச் சுற்றியே நடந்தது. விடையை இங்கும் எழுதப்போவதில்லை! 1960-இல் ‘சைக்கோ’ படத்திற்காக ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்று வற்புறுத்தினார். முடிவை வெளியில் சொல்ல வேண்டாமென்றும் வேண்டினார்.

அந்த வேலி இன்று சரிந்துவிட்டது. கதையின் பாதியை முன்னோட்டமே காட்டிவிடுகிறது. மீதியை முதற்காட்சி முடியுமுன் கைப்பேசி சொல்லிவிடுகிறது. பிறர் சுவைக்கவிருப்பதை இவ்வாறு பறிப்பது நாகரிகமன்று. எனினும் குறை சொல்பவரிடம் மட்டுமில்லை. முடிவை மறைப்பதொன்றையே முதலாகக் கொண்ட படைப்பு ஒற்றை வாக்கியத்தில் வறிதாகிவிடும். மறுமுறை காண அதில் என்ன எஞ்சும்?

பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கிறோம். பேதுரு மறுதலிப்பார், சேவல் கூவும் என்பது தெரியும். ஆயினும் அவ்விடம் வருகையில் மனம் துணுக்குறுகிறது. சென்ற ஆண்டு கேட்ட நாம் இவ்வாண்டு அதே நாமல்லவே.

ஆகவே நாம் காக்க வேண்டியவை இரண்டு. பிறர் காணுமுன் முடிவைச் சொல்லாதிருக்கும் நாவடக்கம் ஒன்று. தெரிந்த கதையையும் முழு மனத்தோடு கேட்கும் பொறுமை மற்றொன்று. இரண்டாவதைப் பிள்ளைகளிடமே கற்கலாம். நூறு முறை கேட்ட கதையைப் பாட்டியிடம் மறுபடியும் கேட்டு, அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் திருத்துபவர்கள் அவர்கள்தாமே!