மூன்று கோப்பைகளும் ஒரு கலப்படமும்

போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது வில்லா நோவா டி காயா. டோரோ ஆற்றோரம் முழுக்க ஒயின் கிடங்குகள். அதில் ஒன்றில் எங்கள் முன்னால் மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்தார்கள். கூட வந்த நண்பன் முதல் கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மச்சான் இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போர்ட் ஒயினின் இனிப்பைப் பார்த்து முகம் சுளித்த முதல் ஆள் அவன் இல்லை.

அவன் குடித்தது ரூபி. நல்ல சிவப்பு, நாவல்பழமும் மிளகும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. பெரிய தொட்டிகளில் காற்று அதிகம் படாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்து, இளமை போகும் முன்பே புட்டியில் அடைத்துவிடுவார்கள்.

இரண்டாவது டாவ்னி. இது சுமார் 550 லிட்டர் கொள்ளும் மரப்பீப்பாய்களில் பல ஆண்டுகள் கிடக்கும். மரத்தின் வழியே காற்று மெல்ல நுழைந்து சிவப்பைத் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது பழுப்பு நிறம். வறுத்த கடலை, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் கருப்பட்டி வாசம். புட்டியில் '20 ஆண்டு' என்றிருந்தால் அது துல்லியமான வயது இல்லை. பல ஆண்டுகளின் ஒயின்களைக் கலந்து அந்த வயதின் குணத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

மூன்றாவது வின்டேஜ். மிகச் சிறந்த விளைச்சல் வந்த ஆண்டுகளில் மட்டும் அறிவிக்கப்படுவது. இரண்டே ஆண்டுகளில் புட்டிக்குள் போய், அதன் பிறகு காற்றே இல்லாமல் பத்து இருபது ஆண்டுகள் இருட்டில் மூப்படையும். அடியில் வண்டல் தங்கும். வடித்துத்தான் குடிக்க வேண்டும். டாவ்னி காற்றோடு பழகிக் கனிகிறது, வின்டேஜ் காற்றை மறுத்துக் கனிகிறது.

மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான். திராட்சைச் சாறு பாதி நொதித்திருக்கும்போது 77 விழுக்காடு போதை கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஒரு பீப்பாய்க்கு ஏறக்குறைய 115 லிட்டர். ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். சண்டையே இந்தச் சாராயத்தைப் பற்றித்தான்.

1678இல் இங்கிலாந்து பிரெஞ்சு ஒயினுக்குத் தடை போட்டது. வணிகர்கள் போர்ச்சுக்கலுக்குத் திரும்பினார்கள். 1703இல் மெத்வென் உடன்படிக்கை, பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரியைப் போர்ச்சுக்கீசிய ஒயினுக்குக் கொடுத்தது. கடல் பயணத்தில் கெடாமல் இருக்கக் கொஞ்சம் சாராயம் சேர்த்தார்கள். தேவை கூடக் கூட ஏமாற்றும் கூடியது. வெளிறிய ஒயினுக்கு எல்டர்பெர்ரி பழச்சாற்றால் சாயம் ஏற்றினார்கள்.

1756இல் போர்ச்சுக்கலின் அமைச்சர் பொம்பால் தலையிட்டார். அரசு ஆதரவில் ஒரு நிறுவனம் உருவானது. எந்த நிலத்து ஒயின் போர்ட் ஆகலாம் என்று கருங்கல் நட்டு எல்லை வகுத்தார்கள். எல்டர்பெர்ரி மரங்களைப் பிடுங்கச் சொன்னார்கள். ஆனால் போர்ட்டோ நகரில் ஒயின் விற்கும் உரிமையும் அதே நிறுவனத்தின் கைக்குப் போனது. 1757இல் மதுக்கடைக்காரர்களும் ஏழைகளும் தெருவில் இறங்கினார்கள். பலர் தூக்கிலிடப்பட்டார்கள். கலப்படத்தைத் தடுக்க வந்த சட்டத்துக்கு இப்படியும் ஒரு முகம்.

அப்போதும் சாராயம் நிற்கவில்லை. நொதித்தலை நடுவிலேயே நிறுத்தி இனிப்பைத் தக்கவைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவலானது. அதை எதிர்த்தவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபோரஸ்டர், போர்ட் வணிகம் செய்த ஆங்கிலேயர், டோரோவின் வரைபடத்தை வரைந்தவர். 1844இல் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சாராயமும் பழச்சாயமும் கலக்காத, முழுதாக நொதித்த ஒயினே நேர்மையானது என்பது அவர் வாதம். சக வணிகர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் வென்றது அவர்கள்தான்.

1861இல் வலெய்ரா நீர்ச்சுழலில் படகு கவிழ்ந்து ஃபோரஸ்டர் இறந்தார். அதே படகில் இருந்த தோனா அந்தோனியா ஃபெரெய்ரா, பெரும் திராட்சைத் தோட்டங்களின் உரிமையாளர், பிழைத்துக்கொண்டார். அகன்ற பாவாடை அவரை மிதக்க வைத்தது, இடுப்பில் கட்டியிருந்த காசுப் பை இவரை இழுத்துக்கொண்டு போனது என்று இன்றும் கதை சொல்கிறார்கள்.

ஆக, நாங்கள் 'பாரம்பரியம்' என்று மரியாதையோடு முகர்ந்த மூன்று கோப்பையும் ஃபோரஸ்டர் கணக்கில் கலப்படம். அவர் சொன்னது தவறா? ஏமாற்றைப் பற்றிச் சொன்னதில் தவறில்லை. ஆனால் இருபது ஆண்டு டாவ்னியை நாக்கில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் முழுசாகச் சாய என்னால் முடியவில்லை. ஒரு காலத்தின் களங்கத்தை இன்னொரு காலம் மரபென்று காவல் காக்கிறது. எந்த மரபையாவது தூய்மையின் பெயரால் ஒருவர் காக்க வரும்போது, அது எந்த ஆண்டில் தொடங்கிய தூய்மை என்று கேட்கத் தோன்றுகிறது.

ஃபோரஸ்டர் கேட்ட மாதிரி சாராயம் சேராத டோரோ ஒயினும் பிறகு வந்தது. அதில் மிகப் புகழ்பெற்ற பார்கா வெல்யா 1952ஆம் ஆண்டு விளைச்சலில் தொடங்கியது. அதை உருவாக்கியது, அன்று படகிலிருந்து பிழைத்த அந்தோனியாவின் ஃபெரெய்ரா நிறுவனம்தான்.

இதை நண்பனிடம் சொன்னேன். "அது இருக்கட்டும்" என்றவன், டாவ்னி கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.