தட்டச்சுப் பொறியில் தமிழ் ஏறிய வரலாறு

தமிழ் நெடுங்கணக்கை ஒப்பிக்கும் தொடக்கப்பள்ளி மாணவன், உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 என்று தடையின்றிக் கூறிவிடுவான். பலகையிலும் தாளிலும் எழுதுங்கால் இவ்வெண்ணிக்கை ஒரு சுமையாகத் தோன்றுவதில்லை. அச்சுக்கூடத்திலும் எழுத்துப் பெட்டியின் அறைகளைப் பெருக்கிக்கொண்டால் வேலை நடந்துவிடும். தட்டச்சுப் பொறிக்குத்தான் அந்த வசதி இல்லை. மேனாட்டுப் பொறியொன்றில் ஏறத்தாழ 46 விசைகள் உண்டு. ஒவ்வொரு விசைக்கும் கீழொன்றும் மேலொன்றுமாக இரண்டு எழுத்துகள் அமையும். ஆகவே 92 இடங்களே கிடைக்கும். 26 எழுத்துகளைச் சிறிதும் பெரிதுமாக எழுதும் ஆங்கிலத்திற்கு அது தாராளம். தமிழோ அந்த 92 இடங்களுக்குள் நுழைந்தாக வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடிக்கு இருவகைத் தீர்வுகள் இருந்தன. எழுத்தைக் குறைத்துப் பொறிக்கு ஏற்றதாக்குவது ஒன்று. பொறியை மாற்றி எழுத்துக்கு ஏற்றதாக்குவது மற்றொன்று. 1935ஆம் ஆண்டில் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் புகுத்தியபோது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை வேண்டும் என்னும் எண்ணமும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. அது முதல்வகை. இரண்டாம் வகைக்கு வழிகண்டவர் மலாயாவில் எழுத்தராகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர். ஆர். முத்தையா என்பது அவர் பெயர்.

முத்தையா 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தார். 1907இல் மலாயாவுக்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரை அடைந்தார். அந்நாளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர்களுக்கு மலாயா ஓர் அகன்ற வாயில். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் அவர்கள் எழுத்தர்களாக அமர்ந்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் அவ்வாறு குடியேறிய இரயில்வே ஊழியர்களால் செழித்த பகுதியாகும். பகல் முழுதும் அவர்களுடைய விரல்கள் ஆங்கிலப் பொறியின்மீது ஓடும். வீட்டுக்குத் திரும்பியபின் தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டுமாயின் பேனாவைத்தான் எடுக்க வேண்டும். ஆங்கிலத் தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேர்ந்திருந்த முத்தையாவுக்கு இக்குறை உறுத்தியதில் வியப்பில்லை. தட்டச்சுப் பொறியோடு நாள்தோறும் பழகாத புலவர் ஒருவர்க்கு இது தோன்றியிராது. தமிழ் எழுத்தின் அமைப்பை அறியாத பொறியாளர்க்குத் தோன்றியிருந்தாலும் கைகூடியிராது.

அவர் முன்னிருந்த கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உயிரில் 'ஔ' தனித்து வேண்டுவதில்லை. 'ஒ' அருகே 'ள' இட்டால் போதும். எஞ்சிய உயிர் 11, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, ஆக 30. கால், இகரக் கொக்கி, ஈகாரச் சுழி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, புள்ளி ஆகிய ஏழு குறிகளைச் சேர்த்தால் 37. கொ, கோ, கௌ போன்றவை இவற்றாலேயே அமைந்துவிடும். இதுவரை எல்லாம் எளிது. உகர ஊகார வரிசைகள்தாம் கல்லாக நின்றன. கு, சு, டு, து, மு, ரு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அவ்விரு வரிசைகளில் மட்டும் 36 எழுத்துகள் உள்ளன. கூட்டினால் 73. அதன்மேல் டி, டீ என்னும் தனிவடிவங்கள் 2, அக்காலத்து வழக்கிலிருந்த பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்கள் 7, கிரந்த எழுத்துகள் ஐந்தாறு, எண்கள் 10, நிறுத்தக் குறிகள் வேறு. அனைத்தையும் சேர்த்தால் நூறு தாண்டிவிடும்.

எனவே வடிவங்களைத் தனித்தனி எழுத்துகளாகக் காணாமல் துண்டுகளாகக் காண வேண்டியதாயிற்று. தூ, நூ, னூ போன்றவை குறிலின் வடிவத்தோடு ஒரு சுழி சேர்த்தால் முடிந்துவிடும். அங்ஙனம் துண்டாக்க முடியாதவற்றுக்கு மட்டும் தனியிடம் தந்தால் போதும். எழுத்தியலை உயிர், மெய் என்று பகுத்துக் கற்றவர்கள் நாம். பொறியோ அதையே கோடு, சுழி, கொம்பு என்று வேறொரு வகையில் பகுக்கச் சொல்கிறது.

இவற்றினும் நுட்பமானது புள்ளியின் சிக்கல். விசையை அழுத்தினால் எழுத்து தாளில் பதியும். உடனே தாளைத் தாங்கிய வண்டி ஓரிடம் இடப்பக்கம் நகரும். ஆங்கிலப் பொறியின் இயல்பு அது. 'க' அடித்தபின் புள்ளியை அடித்தால் அது ககரத்தின் தலையில் விழாது. அடுத்த இடத்தில் தனியே நிற்கும். ஒவ்வொரு முறையும் வண்டியைப் பின்னுக்கு இழுத்து அடிப்பதென்றால் கையெழுத்தே விரைவானது. இதற்கு முத்தையா கையாண்டது நகரா விசை. அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், வண்டி அசையாது. அடுத்து மெய்க்குரிய விசையை அழுத்த, எழுத்து அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே பதிந்து வண்டி நகரும். பிரெஞ்சு, இசுபானியப் பொறிகளில் உயிரெழுத்தின்மேல் இடும் குறிகளுக்கு இத்தகைய விசைகள் இருந்தன. ஆதலால் அவ்வமைப்பே அவருடைய கண்டுபிடிப்பு என்று கூறுதல் பொருந்தாது. பிரெஞ்சு மொழியில் அது எப்போதோ வருவது. தமிழிலோ ஒவ்வொரு சொல்லிலும் வருவது. பக்கம் முழுவதையும் அவ்விசையை நம்பி அமைக்கத் துணிந்ததே அவருடைய பெருமை.

இதனால் விளைந்த ஒரு விந்தையைத் தமிழாசிரியர்கள் கருத வேண்டும். மெய்யின்மேல் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் மரபு. முதலில் எழுத்து, பிறகு புள்ளி என்றே குழந்தைக்கும் கற்பிக்கிறோம். தட்டச்சிலோ புள்ளி முன்னும் எழுத்து பின்னுமாக வரும். 'பக்கம்' என்று அடிப்பவர் ப, புள்ளி, க, க, புள்ளி, ம என அடிக்க வேண்டும். தட்டச்சுப் பயில்வோர் தொடக்கத்தில் தடுமாறுவது இவ்விடத்தில்தான். சில கிழமைகளில் விரல் பழகிவிடும்.

முத்தையாவின் திட்டப்படி பொறியைச் செய்து தந்தது செருமனியின் திரெஸ்டன் நகரத்துச் சைடல் நௌமன் நிறுவனம். 1868இல் தொடங்கிய இந்நிறுவனம் முதலில் தையற்பொறிகளும் பின்னர் மிதிவண்டிகளும் செய்து வந்து, 1900ஆம் ஆண்டளவில் தட்டச்சுப் பொறியில் இறங்கியது. 'ஐடியல்' என்பது அதன் பெரிய பொறி. 'எரிக்கா' என்பது மடக்கிக் கையில் எடுத்துச் செல்லும் சிறிய பொறி. அந்த எரிக்காவே ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் 'பிஜு' என்னும் பெயரில் விற்பனையாயிற்று. தமிழும் பிஜுவில் ஏறியது. சிங்கப்பூரில் திட்டமிட்டு, திரெஸ்டனில் வார்த்து, யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் மலாயாவிலும் விற்ற பொறி என்று அதனைச் சொல்லலாம். 1945 பிப்ரவரியில் திரெஸ்டன் குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப்பின் அந்நகர் சோவியத்துப் பகுதியில் சேர்ந்தது. பின்னாளில் கிழக்குச் செருமனியின் எர்ஃபுர்ட் நகரத்து 'ஆப்டிமா' பொறிகளில் தமிழ் எழுத்து வெளிவந்தது. 1956இல் சென்னை மாநிலத்தில் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியதும் அரசாங்க அலுவலகங்களுக்குத் தமிழ்ப் பொறிகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. ரெமிங்டன் முதலிய நிறுவனங்கள் அத்தேவையை நிறைவு செய்தன.

பரவலாக வழங்கிய பலகையில் இடக்கை விரல்கள் தங்குமிடம் ய, ள, ன, க. வலக்கை விரல்கள் தங்குமிடம் த, ம, ட, புள்ளி. அதே விசைகளை மேல்நிலையில் அழுத்தினால் அவ்வெழுத்தின் உகரம் வரும்: ககரத்தின்மேல் கு, மகரத்தின்மேல் மு, தகரத்தின்மேல் து. கற்பவர் நினைவுக்கு இதனினும் உதவியான ஏற்பாடு வேறில்லை. தமிழில் அடிக்கடி வரும் புள்ளியை வலக்கைச் சிறுவிரலுக்குத் தந்தது குறையே எனினும், விரல் எட்டிப் பிடிக்க வேண்டாத நடுவரிசையில் வைத்தது அதற்கு ஓரளவு ஈடாகும்.

சுங்கை பூலோ போன்ற தோட்டப்புறங்களில் இப்பொறி நுழைந்த வழி தமிழ்ப்பள்ளி. தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது ஆங்கிலப் பொறி. பள்ளிகள் பலவற்றில் எப்பொறியும் இல்லை. மெழுகுத்தாளின்மேல் ஊசிமுனைக் கோலால் ஆசிரியரே தேர்வுத்தாளை எழுதுவார். தமிழ்த் தட்டச்சுப் பொறி கிடைத்த பள்ளியில் அவ்வேலை பாதியாயிற்று. நாடாவை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்து மெழுகை வெட்டும். அவ்வெட்டின் வழியே மை இறங்கிப் படியெடுக்கும். இங்கும் புள்ளி தன் குணத்தைக் காட்டியது. சிறிய பரப்பில் முழு விசையும் விழுவதால் மெழுகுத்தாள் துளையாகும். படியெடுத்தால் ஒவ்வொரு மெய்யின் தலையிலும் ஒரு மைத்துளி. ஆதலின் புள்ளியை மென்மையாகவும் பிற எழுத்துகளை அழுத்தியும் அடிக்கும் பழக்கம் தேர்ந்த ஆசிரியர்களிடம் இருந்தது. அச்செழுத்திலேயே வல்லினமும் மெல்லினமும் உண்டு போலும்!

கணினி வந்தபின் இவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்தார். சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த நா. கோவிந்தசாமி (1946-1999) கணியன் முறையை உருவாக்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழி 'தமிழ்99' விசைப்பலகை பொதுப்பலகையாக ஏற்கப்பெற்றது. அதில் உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் பிரிந்தன. புள்ளி வலக்கைச் சிறுவிரலிலிருந்து இடக்கைச் சுட்டுவிரலுக்கு மாறியது. எழுத்து முன், புள்ளி பின் என்னும் பழைய முறையும் மீண்டது. நகரும் வண்டி இல்லாத இடத்தில் நகரா விசைக்கு வேலையில்லை அன்றோ? தட்டச்சில் பழகிய விரல்களுக்காகப் பழைய பலகையும் கணினியில் இன்றுவரை உடன் வருகிறது.

இனிப் பழைய பொறிகளைச் செப்பனிடுவது பற்றிச் சில சொல்ல வேண்டும். பண்டக அறைகளில் துருவேறிக் கிடப்பனவும் பழைய இரும்புக்கு எடை போடப்படுவனவும் இவை. அண்மைக் காலத்தில் இவற்றை எடுத்துத் துலக்கி ஓடச் செய்யும் ஆர்வம் உலகின் பல பகுதிகளில் வளர்ந்துள்ளது. ஆங்கிலப் பொறிக்குரிய கைத்திறன் தமிழ்ப் பொறிக்கும் பெரும்பாலும் பொருந்தும். எழுத்துக்கோல்கள் பொருந்திய வளைசட்டத்தில் எண்ணெய் விடலாகாது. தூசி சேர்ந்து கோல்கள் ஒட்டிக்கொள்ளும். சாராயக் கரைப்பானும் தூரிகையுமே அதற்குப் போதும். அரை அங்குல நாடா இன்றும் கிடைக்கிறது. உருளையின் இரப்பர் உறைதான் பெருங்கவலை. நாட்பட்ட இரப்பர் காற்றுப்பட்டுக் கல்லாக இறுகும், எழுத்து மங்கும், தாள் வழுக்கும். அவ்வுறையை அகற்றிப் புது இரப்பர் ஏற்ற வேண்டும். சுங்கை பூலோவின் சோதனைத் தோட்டத்தில், 1925இல் நிறுவப்பெற்ற இரப்பர் ஆய்வுக் கழகம் இரப்பரை ஆராய்ந்து வந்தது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் இப்போது குவாசா டாமன்சாரா நகரம் எழுகிறது.

தமிழ்ப் பொறிக்கே உரிய இடர் வேறொன்று உண்டு. ஆங்கிலப் பொறி மட்டும் அறிந்தவர் ஒருவர் புள்ளி விசையை அழுத்திப் பார்ப்பார், வண்டி நகராது. பழுது என்று கருதி, அவ்விசையையும் வண்டியை நகர்த்தும் உறுப்போடு இணைத்துவிடக் கூடும். பொறி பளபளக்கும், எல்லா விசைகளும் ஒழுங்காக ஓடும், ஆனால் அதில் ஒரு மெய்யெழுத்தையும் அடிக்க முடியாது. முத்தையா செய்த மாற்றம் அத்தனையும் அந்த ஒரு திருத்தத்தில் அழிந்துபோகும். அச்செழுத்துகளை நீக்கி ஆங்கில எழுத்தை ஒட்டுவதும், பழைய எழுத்து வடிவம் இருப்பின் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கேற்ப மாற்ற முயல்வதும் இதைப் போன்றவையே. எந்த எழுத்து எந்த விசையில் இருந்தது, எது நகரும், எது நகராது என்பதை முதலில் ஒரு தாளில் வரைந்துகொண்டபின் திருகுளியை எடுப்பதே முறை.

செப்பம் முடிந்ததும் சோதிக்கும் வழி எளியது. புள்ளியை அடித்து 'ட' அடிக்க வேண்டும். பிறகு புள்ளியை அடித்து 'ண' அடிக்க வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் பொறியில் மெலிந்த டகரமும் அகன்ற ணகரமும் ஓரிடத்தையே பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டின் தலையிலும் புள்ளி நடுவில் நின்றால் வண்டியும் கோல்களும் சரியாக உள்ளன. ஒன்றில் விலகி நின்றால் கோலை மயிரிழையளவு வளைத்து மீண்டும் அடித்துப் பார்க்க வேண்டும்.